சுவரில் மாட்டுவதற்கு அன்று

பழைய பொருள்களின் மீது பற்றுக் கொண்டவர்களில் பல வகையினர் உண்டு. நாணயம் சேர்ப்பவர்கள், அஞ்சல்தலை சேர்ப்பவர்கள், கிராமபோன் இசைத்தட்டுகளைத் தேடி அலைபவர்கள் ஆகியோரை நாம் அறிவோம். அதிகம் பேசப்படாத இன்னொரு கூட்டமும் இருக்கிறது. இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பரவிக் கிடக்கும் அவர்கள், எஃகுக் குழாய்களால் செய்யப்பட்ட பழைய நெடும்பயண மிதிவண்டிகளின் ரசிகர்கள். 1950களில் செய்த ஒரு சட்டகத்தின் மூட்டு வளைவைப் பற்றி, ஒரு வெண்பாவின் தளையைப் பற்றி நாம் வாதிடுவதுபோல, மணிக்கணக்கில் வாதிடக்கூடியவர்கள்.

இந்த ரசனை மதிக்கத்தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த ரசிகர்களுக்குள் இரண்டு கட்சிகள் உண்டு. வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும், ஒரு திருகாணிகூட மாறக் கூடாது, இயன்றால் ஓட்டாமலே வைத்திருப்பது நலம் என்பது ஒரு கட்சி. தேய்ந்ததை மாற்று, தேவையானதைச் சேர், ஆனால் ஓட்டு என்பது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி. இது வெறும் மனச்சாய்வு அன்று. இவ்வண்டிகளின் வரலாறே அந்தப் பக்கம்தான் சாட்சி சொல்கிறது என்பது என் எண்ணம்.

*

நெடும்பயண மிதிவண்டி பந்தய வண்டியும் அன்று, பால் கேனும் அரிசி மூட்டையும் சுமக்கும் வண்டியும் அன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நுட்பமான சமரசம் அது. பின்சக்கரத்தைச் சட்டகத்தின் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி அமைத்திருப்பார்கள். பின்னால் பை தொங்கும்போது மிதிப்பவரின் குதிகால் அதில் இடிக்கக் கூடாது. முன் ஃபோர்க் சற்றே சாய்ந்திருக்கும். சுமையோடு மலைச்சரிவில் இறங்கும்போது வண்டி நடுங்காமல் நேராக ஓட வேண்டும். மட்கார்டும் கேரியரும் பூட்டுவதற்கான துளைகள் சட்டகத்திலேயே இருக்கும். டயர், பந்தய வண்டியினுடையதைவிட அகலம். பழைய ஆங்கில வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்துக்கு 40 கம்பிகளும் போட்டார்கள்; பாரம் பின்னால்தான் அதிகம் விழுகிறது என்ற எளிய கணக்கு. இவற்றில் எதுவும் அலங்காரம் அன்று. ஒவ்வொன்றும் எங்கோ ஒரு பயணத்தில் யாரோ ஒருவர் பட்ட தொல்லைக்கு விடையாக வந்தது.

உலோகத்தின் கதையும் அப்படியே. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆணி செய்துகொண்டிருந்த குடும்பம் ரெனால்ட்ஸ் குடும்பம். அக்குடும்பத்தின் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897ல் ஒரு குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வெளிப்புற அளவு எங்கும் ஒன்றே. உள்ளே மட்டும் இரு முனைகளிலும் சுவர் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். குழாய்களைப் பித்தளை உருக்கிப் பற்றவைக்கும்போது வெப்பம் தாக்குவதும், ஓட்டத்தில் விசை குவிவதும் முனைகளில்தான். ஆகவே அங்கே உலோகம் மிகுதியாக இருக்க வேண்டும். நடுவில் அது வீண் எடை. 1935ல் அதே நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகில் 531 என்ற குழாயைக் கொண்டுவந்தது. சட்டகத்தில் ஒட்டிய பச்சையும் பொன்னிறமுமான அதன் சிறு வில்லையைக் கண்டால் இன்றும் ரசிகர்களின் குரல் தாழ்ந்துவிடும். 1961ல் வந்த ஜாகுவார் இ-டைப் காரின் முன்பக்கச் சட்டகத்துக்கும் இதே குழாய்தான் பயன்பட்டது.

இங்கே நமக்கும் ஒரு மெல்லிய உறவு இருக்கிறது. 1928 முதல் ரெனால்ட்ஸ், டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெருங்குழுமத்தின் பகுதியாக இருந்தது. அதே குழுமம் முருகப்பா குடும்பத்தினருடன் கூட்டுச் சேர்ந்து 1949ல் தொடங்கியதுதான் சென்னை டி.ஐ. சைக்கிள்ஸ். அம்பத்தூரில் உருவான ஹெர்குலிஸ் வண்டியும், ஆங்கிலேயப் பயணி கனவு கண்ட 531 சட்டகமும் ஒரு வகையில் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஒன்று பிழைப்புக்கு ஓடியது, மற்றொன்று விடுமுறைக்கு ஓடியது.

*

வண்டியைப் பயணத்துக்கு உரியதாக ஆக்கிய சிந்தனை பெரிதும் பிரான்சில் வளர்ந்தது. செயின்ட் எத்தியென் நகரின் பட்டு வணிகர் பால் த விவி (1853–1930) அத்தொழிலை விட்டு மிதிவண்டி வணிகரானார். 1887ல் ஒரு மிதிவண்டி இதழைத் தொடங்கி, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் வாழ்நாள் முழுதும் எழுதினார். மலைநாட்டில் மிதிவண்டி ஓட்டுபவனுக்கு ஒரே பற்சக்கரம் போதாது, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஓயாத வாதம். சொன்னதோடு நில்லாமல், தம் வண்டியில் தாமே ஒவ்வோர் ஏற்பாட்டையும் பூட்டிப் பார்த்து, ஓட்டி, குறை கண்டு எழுதினார்.

அவருக்கு எதிர்த்தரப்பில் நின்றவர் டூர் த பிரான்ஸ் பந்தயத்தின் தந்தை ஆன்றி தெக்ராஞ்சு. பற்சக்கரம் மாற்றுவது நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு உரியது, வீரன் தசையால் வெல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937ல்தான் செயின் மாற்றும் கருவி அப்பந்தயத்தில் தாராளமாக அனுமதிக்கப்பட்டது. அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே, எந்தப் பரிசையும் நாடாத நடுவயதுப் பயணிகள் அதை மலைகளில் ஓட்டித் தேற்றிவிட்டிருந்தார்கள். இன்றைய பந்தய வண்டியில் உள்ள மிக முக்கியமான கருவி, பந்தயக்காரர்களால் அன்றி ஊர்சுற்றிகளால் பேணி வளர்க்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

1934 முதல் பிரான்சில் நடந்த தொழில்நுட்பச் சோதனைகள் இன்னொரு அத்தியாயம். ஓட்டுபவரை அன்று, வண்டியைச் சோதிக்கும் போட்டி அது. மோசமான மலைச்சாலைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எது உடைந்தது, எது தளர்ந்தது என்று நடுவர்கள் பார்ப்பார்கள். எடை குறைந்தால் மதிப்பெண். பழுதானால் மதிப்பெண் இழப்பு. மட்கார்டு, விளக்கு, கேரியர் அனைத்தோடும் சேர்த்துப் பத்துக் கிலோவுக்கும் குறைந்த வண்டிகள் அங்கே உருவாயின. விமானத் தொழிலில் கைதேர்ந்து பின்னர் மிதிவண்டிக்கு வந்த ரெனே எர்ஸ், அவர் சமகாலத்தவரான அலெக்ஸ் சேங்கர் ஆகியோர் பெயர்பெற்றது இந்த மரபில்தான். இருவருடைய பட்டறைகளும் பாரிசை ஒட்டிய லெவல்லுவா பெரேயில் இருந்தன. கேரியரைக் கடையில் வாங்கிப் பூட்டுவது அவர்கள் வழக்கம் அன்று. அந்த வண்டிக்கென்றே, அந்த ஆளுக்கென்றே வளைத்துப் பற்றவைப்பார்கள். விளக்குக்குப் போகும் மின்கம்பி சட்டகத்தின் உள்ளேயே ஓடும். வண்டி ஒரே மூச்சில் எழுதப்பட்டதுபோல் இருக்கும்.

இத்தகைய வண்டியைப் பார்த்து மயங்காமல் இருப்பது கடினம். மயக்கம் தவறும் அன்று. மயங்கியவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

*

முதல் கட்சியின் வாதத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுத்துப் புது வண்ணம் பூசினால், அதைச் செய்தவரின் கைச்சுவடு அழிகிறது. மூட்டின் ஓரத்தில் தூரிகையால் இழுத்த பொன்கோட்டை மறுபடி அதே கையால் இழுக்க முடியாது. ரெனே எர்ஸ் 1976ல் காலமானார். அவர் செய்தவை குறைந்துகொண்டே போகுமே தவிரக் கூடப்போவதில்லை. ஜப்பானிய, அமெரிக்க ரசிகர்கள் இவற்றைத் தேடிச் சேர்த்து, அளந்து, படமெடுத்து, எழுதி வைக்காமல் இருந்திருந்தால், இம்மரபைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரிந்திருக்காது. சோதனைகளில் ஓடிய வண்டிகள் போன்ற அபூர்வங்களை அருங்காட்சியகத்தில் வைப்பதற்கு நானும் உடன்படுகிறேன்.

ஆனால் அபூர்வத்துக்கு உரிய நீதியை எல்லா வண்டிக்கும் நீட்டும்போதுதான் சிக்கல் வருகிறது. 'தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே' என்ற அளவுகோல் நெடும்பயண வண்டிக்குப் பொருந்தாது. இந்த வண்டிகள் அக்காலத்திலேயே அப்படி ஒருநாளும் நிலைத்து நின்றதில்லை. இங்கிலாந்தின் மிதிவண்டிக் கழகத்தார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சட்டகத்தைச் செய்தவரிடமே திருப்பி அனுப்பிப் புது வண்ணம் பூசிப் பெறுவது வெகு சாதாரண வழக்கம். ஒரு பற்சக்கரத்தோடு வாங்கியவர் பின்னர் மூன்றாக்கினார், பிறகு எட்டாக்கினார். புதிய கருவிக்கான பூட்டுகளைப் பழைய சட்டகத்தில் பற்றவைத்துக்கொண்டார். கைப்பிடியை உயர்த்தினார், வயதாக ஆக இன்னும் உயர்த்தினார். இதில் எந்தக் கணத்தை நாம் 'மூலம்' என்று பிடித்து நிறுத்துவது? முதல் நாளையா? அன்று அது ஒரு பயணமும் போயிருக்கவில்லை.

நம் ஏட்டுச் சுவடிகளை நினைத்துக்கொள்கிறேன். படிக்கப்பட்ட ஏடுகள்தாம் படியெடுக்கப்பட்டன. படியெடுக்கப்பட்டவைதாம் நம் கைக்கு வந்து சேர்ந்தன. பூசைக்கு மட்டும் எடுத்து வைத்த கட்டுகளில் எத்தனையோ செல்லரித்துப் போயின. புழக்கம் தேய்மானத்தைத் தருவது உண்மை. புழக்கமின்மை தருவது அதைவிடப் பெரிய இழப்பு.

இதற்கு மிகச் சிறந்த சான்று அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி. 1963 ஜனவரியில், ஐரோப்பா கடுங்குளிரில் உறைந்திருந்தபோது, டன்கர்க்கிலிருந்து தில்லிக்குத் தனியாக மிதிவண்டியில் புறப்பட்டார். வண்டி ஆர்ம்ஸ்ட்ராங் கேடட் என்ற சாதாரண ஆங்கில வண்டி. அதற்கு அவர் இட்ட பெயர் 'ராஸ்', தான் குவிஜோத்தேயின் குதிரையான ரோசினாந்தேயின் சுருக்கம். புறப்படும் முன் அவர் செய்த காரியம் நம் ரசிகர்களை அதிரவைக்கும். பற்சக்கரம் மாற்றும் கருவியைக் கழற்றிவிட்டார். ஆசியச் சாலைகளுக்கு அது தாங்காது என்பது அவர் கணிப்பு. ஒற்றைப் பற்சக்கரத்தோடு யூகோஸ்லாவியா, துருக்கி, பாரசீகம், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியா வந்து சேர்ந்தார். 1965ல் வெளியான அவருடைய நூலால் அப்பயணம் பயண இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. பற்சக்கரத்துக்காக வெலோசியோ வாழ்நாளெல்லாம் வாதாடினார். மர்ஃபி அதைக் கழற்றி எறிந்தார். முரணாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே கொள்கைதான். எந்தச் சாலை, எந்தச் சுமை, எந்தக் கால் என்று பார்த்து வண்டியைத் தன்வயப்படுத்திக்கொள்வதே அக்கொள்கை.

1955ல் இங்கிலாந்தில் தொடங்கிய ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப் என்ற கழகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சாலை முடியும் இடத்தில் பயணத்தைத் தொடங்கியவர்கள் அவர்கள். மலைமிதிவண்டி என்ற சொல்லே பிறவாத காலத்தில், மட்கார்டு பூட்டிய எஃகு வண்டிகளைத் தோளில் சுமந்து ஓடைகளைக் கடந்தார்கள். 1958ல் அவர்களில் சிலர் ஐஸ்லாந்தின் பாழ்வெளியைக் குறுக்காகக் கடந்தார்கள். இன்று அந்த வகை வண்டியின் மேல் ஒரு துளிச் சேறு பட்டால் வருந்துகிறவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சங்கடமும் வருகிறது.

*

எஃகைப் பற்றிச் சொல்லப்படும் சில புராணங்களையும் விலக்கிவிட வேண்டும். எஃகுச் சட்டகத்துக்கு உயிர் உண்டு, அது மேடுபள்ளத்தை விழுங்கிவிடும், அலுமினியம் எலும்பை உடைக்கும் என்றெல்லாம் ரசிகர்கள் பேசுவார்கள். முக்கோணங்களால் கட்டிய சட்டகம் செங்குத்தாக மிகமிகச் சிறிதளவே வளையும். உடம்புக்குத் தெரியும் சொகுசில் பெரும்பங்கு டயரின் அகலமும் காற்றழுத்தமும் தருவது. அமெரிக்காவில் யான் ஐனா 2002ல் தொடங்கிய காலாண்டிதழ், மெல்லிய பக்கச்சுவர் கொண்ட அகல டயர்கள் குறுகிய டயர்களைவிட மெதுவானவை அல்ல என்று ஓட்டிப் பார்த்து எழுதியது. அன்று பலர் நகைத்தார்கள். இன்று பந்தய வண்டிகளிலேயே டயர் அகலமாகிவிட்டது. பழைய பிரெஞ்சுப் பயண வண்டிகள் நாற்பது மில்லிமீட்டரைத் தாண்டிய டயர்களோடு ஓடியதன் நியாயம் இப்போதுதான் பலருக்குப் புரிகிறது. அந்நியாயம் புரிந்தது, அவற்றை ஓட்டிப் பார்த்ததால்.

எஃகின் உண்மையான சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. அது செப்பனிட இடம் கொடுக்கும் உலோகம். விசை ஓர் எல்லைக்கு உட்பட்டிருக்கும்வரை எத்தனை இலட்சம் முறை அதிர்ந்தாலும் எஃகு சோர்வதில்லை. அலுமினியத்துக்கு அப்படியொரு தெளிவான எல்லை கிடையாது. முறிவதற்கு முன் எஃகு பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். பின்சக்கர அச்சுக்கு 126 மில்லிமீட்டர் இடைவெளி விட்ட பழைய சட்டகத்தை, நிதானமான கையால் விரித்து 130 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு இடம் செய்யலாம். பித்தளையால் பற்றவைத்த மூட்டை மறுபடி சூடாக்கி, நெளிந்த குழாயை உருவி எடுத்து வேறு குழாய் வைக்கலாம். கார்பன் சட்டகத்தில் விரிசல் விட்டால் அதற்கென்றே தேர்ந்த பட்டறையைத் தேட வேண்டும். எஃகு சிற்றூர்க் கொல்லனிடமும் பேசும்.

இதையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. பழைய பிரெஞ்சு வண்டியின் புரிகள் மெட்ரிக் கணக்கு, ஆங்கில வண்டியின் புரிகள் அங்குலக் கணக்கு. ராலே நிறுவனம் தனக்கென்று இன்னொரு கணக்கு வைத்திருந்தது. ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் ஏறாது. ஒரு மிதியச்சுக் கிண்ணத்துக்காக மாதக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. துருவோ குழாயின் உள்ளிருந்து ஓசையின்றித் தின்னும். ஆனாலும் இவையெல்லாம் கண்ணால் காணக்கூடிய, கையால் தீர்க்கக்கூடிய தொல்லைகள். பால்ரஸ் குண்டுகளைத் துடைத்துப் புதுக் கிரீஸ் வைப்பதும் சக்கரத்தின் கோட்டம் எடுப்பதும் எவரும் ஒரு பிற்பகலில் கற்கத் தொடங்கலாம். நம்மூர் சைக்கிள் கடைக்காரர் மரத்தடியில் செய்துகொண்டிருக்கும் அதே வேலைதான். மேலைநாட்டு ரசிகர் பழம்பொருள் சந்தையில் தேடும் காட்டர் பின்னும் கம்பி பிரேக்கும் நம் தெருக்களில் இன்னும் அன்றாடப் பொருள்கள் என்பதை எண்ணும்போது, 'பழமை' என்ற சொல்லே யாருடைய கண்ணிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று தோன்றுகிறது.

*

இரண்டாவது கட்சி சும்மா இருந்துவிடவில்லை. இத்தாலியின் டஸ்கனியில் கையோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் 1997ல் 'எரோய்கா' என்ற ஓட்டம் தொடங்கியது. 1987க்கு முந்தைய வண்டிகளுக்கென்று நடப்பது அது. அங்கே ஓடுபவை பெரும்பாலும் பந்தய வண்டிகள். ஆயினும் அதன் நோக்கம் நமக்குப் பாடமாகும். அப்பகுதியின் வெண்மண் சாலைகள் ஒவ்வொன்றாகத் தார் பூசப்பட்டு மறைவதைத் தடுப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. பழைய வண்டியும் பழைய சாலையும் ஒன்றையொன்று காப்பாற்றிக்கொண்டன. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த வண்டியால் ஒரு சாலையையும் காப்பாற்ற முடியாது.

கடைசியாக ஒன்று. பழைய வண்டியை மட்டுமே போற்றும் ரசனை, இன்று உயிரோடிருக்கும் கைவினைஞரைப் பட்டினி போடும் ரசனையாக ஆகிவிடக் கூடாது. இங்கிலாந்தின் டார்பியில் 1946 முதல் எஃகுச் சட்டகங்களைக் கையால் செய்துவரும் மெர்சியன் பட்டறை 2024ல் மூடப்படும் நிலைக்கு வந்தது. அவ்வூர்த் தொழில்முனைவோர் சிலர் முன்வந்து வாங்கியதால் பிழைத்தது. பழைய மெர்சியன் வண்டிக்கு ஏலத்தில் பெருந்தொகை தரும் ஒருவர், அதே தொகைக்குத் தம் உடம்புக்கு அளவெடுத்த புதிய சட்டகம் ஒன்றை அங்கே செய்யச் சொல்லலாம். முன்னதில் ஒரு பொருள் கைமாறுகிறது. பின்னதில் ஒரு தொழில் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. மறைந்த கவிஞரின் முதற்பதிப்புக்கு ஆயிரங்களைக் கொட்டிவிட்டு, வாழும் கவிஞரின் நூலை இரவல் கேட்கும் பழக்கம் நம் இலக்கிய உலகிலும் உண்டல்லவா?

ஆகவே நல்ல எஃகு வண்டி ஒன்று கையில் கிடைத்தவருக்கு என் பரிந்துரை மிக எளியது. மூல வண்ணம் இருக்குமானால் அதைத் தொடாதீர்கள். கீறல்கள் இருந்துவிட்டுப் போகட்டும். டயர், பிரேக் ரப்பர், கம்பி, செயின் ஆகியவற்றைத் தயங்காமல் மாற்றுங்கள். அவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. கழற்றிய பழைய உறுப்புகளைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள், அடுத்து வருபவருக்கு உதவும். உங்களுக்கு ஏற்ற உயரத்துக்குக் கைப்பிடியை ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பையைக் கட்டிக்கொண்டு, இரவு தங்க வேண்டிய அளவுக்குத் தொலைவான ஓர் ஊருக்குப் போய்வாருங்கள். அந்த வண்டியைச் செய்தவர் அதற்காகத்தான் பின்சக்கரத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார்.